விதியா, அலட்சியமா?

(காரைக்குடி செக்காலையில் இயந்திர ஆபரேட்டர்கள், வாடகை வண்டி உரிமையாளர்கள், பழைய வீடு வாங்கி உடைக்கும் வியாபாரிகள் ஆகியோர் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

இந்தக் கூட்டத்துக்கு அறிவிப்புச் செய்தபோது தலைப்பைக் கேட்டுவிட்டு ஒரு தம்பி சிரித்தார். "என்ன ஹஜ்ரத், நீங்களும் ஜே.சி.பி. ஓட்டப் போறீங்களா?" என்று கேட்டார். ஓட்டப் போவதில்லை; எனக்குச் சைக்கிளே சரியாக ஓட்ட வராது. சவூதியிலும் சிங்கப்பூரிலும் இருபது வருடம் கிரேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய சகோதரர் ஒருவர் நம் பகுதியில் இருக்கிறார். அவர் பக்கத்தில் பல நாள் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். தொழில் விஷயம் அவருடையது. கோபம் மட்டும் என்னுடையது.

ஜே.சி.பி. என்றாலே இன்று நம் சமுதாயத்தில் வேறொரு காட்சிதான் கண் முன்னால் வருகிறது. வடநாட்டில் வீடுகளை இடித்த காட்சி. அது பற்றி 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லி, 15 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் யார் வீட்டையும் இடிக்கக் கூடாது என்று விதி வகுத்துவிட்டது. அதைப் பற்றிப் பேச வேறு மேடை இருக்கிறது. இன்று நான் பேசுவது அந்த வண்டியின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளையைப் பற்றி. வண்டிக்குப் பின்னால் நிற்கும் நம் வீட்டுப் பிள்ளையைப் பற்றி.

சில மாதங்களுக்கு முன் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். பத்தொன்பது வயதுப் பையன். வண்டியில் ஹெல்ப்பர் வேலை. பின்னால் நின்று மண் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஆபரேட்டர் கண்ணாடியைப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்துவிட்டார். பின்னால் போகும்போது கத்தும் ஹாரன் ஒரு வருடமாக வேலை செய்யவில்லையாம். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

அவன் அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் நஸீபு ஹஜ்ரத்" என்றார். நான் தலையசைத்தேன். வேறென்ன சொல்வது? அந்த மனிதர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றுகொண்டிருந்தார். பிறகு வராந்தாவுக்கு வந்தேன். வண்டியின் உரிமையாளர் நின்றார். அவரும் அதையேதான் சொன்னார். "என்ன செய்யிறது ஹஜ்ரத், அவன் நஸீபு அப்படி." அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே வார்த்தை. தகப்பன் சொன்னால் அது ஸப்ரு. முதலாளி சொன்னால் அது தப்பிக்கும் வழி. ரிவர்ஸ் ஹாரனைப் பழுது பார்க்க சில நூறு ரூபாய் போதும். அதைச் செலவழிக்காத கையை மறைக்க தக்தீரை இழுத்துக்கொண்டு வருவதா?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, பிறகு இறைவன் மேல் பொறுப்புச் சாட்டு என்ற பாடத்தை ஜும்ஆ மேடையில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம். ஒட்டகம் நம்மிடம் இல்லை. எட்டு டன் எடையுள்ள வண்டி இருக்கிறது. அதைக் கட்டுகிறோமா?

சகோதரர்களே, இந்த விஷயத்தில் நமக்கெல்லாம் மறக்க முடியாத ஒரு சம்பவம் இருக்கிறது. 2015 செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை. ஹஜ்ஜுக்குச் சில நாட்களே இருந்தன. மக்காவில் ஹரம் ஷரீஃபின் விரிவாக்க வேலை நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் புயல் காற்றும் மழையும் வந்தன. செயின் வண்டியின் மேல் நிற்கும் ராட்சத கிரேன் ஒன்று அப்படியே பள்ளிவாசலின் மேல் சாய்ந்தது. 111 பேர் ஷஹீதானார்கள். 394 பேர் காயமடைந்தார்கள். நம் நாட்டு ஹாஜிகளும் அதில் உண்டு.

அன்று நம் ஊர் டீக்கடைகளில் என்ன பேசினோம் என்று நினைத்துப் பாருங்கள். "எவ்வளவு பாக்கியமான மவ்த்து!" என்றோம். இறந்தவர்களுக்காக அப்படிப் பேசியதில் தவறில்லை. ஆனால் கிரேன் ஏன் விழுந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? சவூதி அரசு கேட்டது. சில நாட்களிலேயே அரசவை அறிக்கை வந்தது. வேலை இல்லாத நேரத்தில் அந்தக் கிரேனின் நீண்ட கையைக் கீழே இறக்கி வைத்திருக்க வேண்டும். அது தயாரித்த கம்பெனியின் கையேட்டிலேயே இருக்கும் விதி. அன்று வெள்ளிக்கிழமை, வேலை இல்லை, ஆனால் கை வானத்தைப் பார்த்து நின்றது. வானிலை எச்சரிக்கைகளையும் கவனிக்கவில்லை. பொறுப்பில் ஒரு பகுதி வேலையை எடுத்த நிறுவனத்துடையது என்று அறிவித்தார்கள். உயிரிழந்தோர் குடும்பத்துக்கும், நிரந்தரமாக ஊனமுற்றோருக்கும் தலா 10 லட்சம் ரியால் என்று மன்னர் உத்தரவிட்டார்.

அதன் பிறகு வழக்கு நடந்தது. 2017-ல் மக்கா நீதிமன்றம், மழையும் இடியும்தான் காரணம், மனிதத் தவறு இல்லை என்று சொல்லி 13 பேரை விடுவித்தது. மேல் நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. வழக்கு வருடக்கணக்காக இழுத்தது. கவனியுங்கள், அங்கேயும் இதே கேள்விதான். காற்றா, மனிதனா? காற்று அல்லாஹ்வின் கட்டளைப்படி வீசுகிறது, அதில் சந்தேகமில்லை. கிரேனின் கையை இறக்கும் லீவர் மனிதன் கையில் இருந்தது. இதிலும் சந்தேகமில்லை.

காற்றைப் பற்றி அந்த சிங்கப்பூர் சகோதரர் ஒரு வார்த்தை சொன்னார். கிரேனின் கை ஒரு பாய்மரம் மாதிரி. தூக்கும் சுமை தகரமோ, பலகையோ, அகலமான எதுவாக இருந்தாலும் அதுவும் ஒரு பாய். கீழே நிற்பவனுக்குத் தென்றலாகத் தெரியும் காற்று, மேலே அறுபது மீட்டர் உயரத்தில் அப்படி இருக்காது. அதனால்தான் பெரிய கிரேன்களில் காற்றை அளக்கும் கருவி வைத்து, ஒரு அளவுக்கு மேல் போனால் வேலையை நிறுத்து என்று கையேட்டில் எழுதுகிறார்கள். எழுதியதைப் படிக்க வேண்டும் அல்லவா? "இங்கிலீஷ்ல இருக்கு ஹஜ்ரத்" என்கிறீர்கள். உங்கள் தங்கை கல்லூரியில் படிக்கிறாள். அவளை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் என்ன வெட்கம்?

மற்றவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக மாட்டேன். என் தவறையும் சொல்கிறேன். ஒரு பள்ளிவாசலில் ஹவுளுக்காகப் பள்ளம் தோண்டினார்கள். நான் அந்தக் கட்டடக் கமிட்டியில் இருந்தேன். மணிக்கு ஆயிரத்துச் சொச்சம் வாடகை. வண்டியில் மணி ஓடிக்கொண்டிருக்கிறது. அஸர் முடிந்து வந்து பார்க்கிறேன், வேலை பாதியில் நிற்கிறது. "மஃரிபுக்குள்ளே முடிச்சிருங்க பாய், இன்னொரு மணி நேரம் ஆயிரும்" என்று அவசரப்படுத்தினேன். எடுத்த மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே கொட்டினார்கள். தள்ளிக் கொட்டினால் நேரமாகும் அல்லவா. ஆளுயரத்துக்கு மேல் ஆழம். ஒரு பையன் மூலையைச் சமன் செய்ய உள்ளே இறங்கினான். விளிம்பு சரிந்தது. இடுப்பு வரைக்கும் மண். கையாலும் மண்வெட்டியாலும் எடுத்து அவனை மீட்க அரை மணி நேரம் ஆனது. அல்லாஹ் காப்பாற்றினான். இன்னும் ஒரு முழம் மேலே வந்திருந்தால் மூச்சு விட நெஞ்சு விரிந்திருக்காது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது என்று அன்று எனக்குத் தெரியாது. நூறு மூட்டை அல்ல, ஒரே ஒரு சின்ன மேடை அளவு மண், அது ஒரு காரின் எடை! யாருடைய தவறு? பையனின் நஸீபா? ஒரு மணி நேர வாடகையை மிச்சம் பிடிக்கப் பார்த்த என் அவசரமா?

அதற்கு விதி உண்டு. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கத்தைச் சரிவாக வெட்ட வேண்டும், அல்லது பலகை கொடுத்து முட்டுக் கொடுக்க வேண்டும். தோண்டிய மண்ணும் வண்டியும் விளிம்பிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய் என்று நம் தெருக்களைத் தோண்டும்போதெல்லாம் இதைப் பாருங்கள். பள்ளத்தில் ஆள் இருக்கும்போது பக்கெட் அவன் தலைக்கு மேல் போகக் கூடாது. ஆள் ஏறிய பிறகு பக்கெட், பக்கெட் நின்ற பிறகு ஆள்.

இனி வியாபாரச் சகோதரர்களுக்கு. நம் காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் பழைய வீட்டுத் தூண், நிலைக்கதவு, கண்ணாடி, பீங்கான் என்று கடை கடையாக இருக்கிறது. எங்கிருந்தோ வரும் வெளிநாட்டார் விலை பேசுகிறார்கள். நகரத்தார் கட்டிய அந்தப் பெரிய வீடுகள், ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக இருக்கும் வீடுகள், பங்கு பிரியும்போது விற்பனைக்கு வருகின்றன. நம்மவர்களில் பலர் அவற்றை வாங்கி உடைக்கிறீர்கள். ஹலாலான வியாபாரம். உடைப்பதா, காப்பதா என்பது வேறு விவாதம். (எனக்கு மனசு வலிக்கத்தான் செய்கிறது, அது இருக்கட்டும்.)

உடைக்கும் முறையைப் பாருங்கள். முதலில் விலை போகும் சாமானை எடுக்கிறோம். பர்மா தேக்குத் தூண், உத்திரம், விட்டம், கதவு, நிலை. எல்லாவற்றையும் கழற்றிய பிறகு சுவர் மட்டும் நிற்கிறது. அந்தச் சுவர்கள் நூறு வருடம் நின்றது தனியாக அல்ல. விட்டமும் கூரையும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. பிடிமானத்தை எல்லாம் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, துணையில்லாமல் நிற்கும் உயரமான கனத்த சுவரைப் பார்த்து, "ம், ஜே.சி.பி.யைக் கூப்பிடு" என்கிறோம். அவன் வந்து என்ன செய்கிறான்? எட்டும் உயரம் போதாது. அதனால் அடியில் குத்துகிறான். அடியில் குத்தினால் மேல் பகுதி எந்தப் பக்கம் விழும் என்று யாருக்கும் தெரியாது. வண்டியின் மேலேயே விழலாம்.

சுவரை மேலிருந்து கீழாக இறக்க வேண்டும். சுவரின் உச்சிக்கு எட்டாத வண்டி அந்த வேலைக்கான வண்டி அல்ல. நீண்ட கை உள்ள எக்ஸ்கவேட்டரைக் கூப்பிடுங்கள். நாம் பொக்லைன், ஹிட்டாச்சி என்கிறோமே, அது. அல்லது சாரம் கட்டி ஆட்களை வைத்து மேல் பகுதியைக் குறைத்த பிறகு வண்டியை விடுங்கள். சுவரின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது. முக்கியமாக, செங்கல் பொறுக்கும் பெண்கள். அவர்களைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மழைக்காலத்தில் நனைந்து ஊறிய சுவர் என்றால் எடையும் கூடும், பிடிப்பும் குறையும். வேலையைத் தொடங்கும் முன் மின்சார வாரியத்தைக் கூப்பிட்டு இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். மீட்டர் பெட்டியில் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வதற்குப் பெயர் இணைப்பைத் துண்டிப்பது அல்ல.

மின்சாரம் என்றதும் ஆபரேட்டர் தம்பிகள் நிமிர்ந்து உட்காருங்கள். நம் தெருக்களில் கம்பி தாழ்ந்து தொங்குகிறது. டிப்பர்காரர் கொட்டியபின் பெட்டியை இறக்க மறந்து நகர்ந்துவிடுகிறார். பொக்லைன் திரும்பும்போது கை கம்பியில் படுகிறது. பட்டுவிட்டால் என்ன செய்வாய்? பயந்து குதிப்பாய். குதிக்கும்போது ஒரு கை வண்டியிலும் ஒரு கால் மண்ணிலும் இருந்தால் மின்சாரத்துக்கு நீயே பாதை. சீட்டிலேயே உட்கார். முடிந்தால் கையைக் கம்பியிலிருந்து விலக்கு. முடியாவிட்டால் அசையாமல் இரு. யாரும் பத்து மீட்டருக்குள் வர வேண்டாம் என்று கத்து. மின்வாரியம் வந்து மின்சாரம் நின்றுவிட்டது என்று சொல்லும் வரை இறங்காதே. வண்டி தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால், வண்டியைத் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதி. பிறகும் எட்டி நடக்காதே. கால்களைச் சேர்த்தபடி, தரையை விட்டு எடுக்காமல் சிறிது சிறிதாகத் தேய்த்துக்கொண்டே தள்ளிப் போ. மண்ணில் பரவும் மின்சாரம் இரண்டு காலுக்கு நடுவே வித்தியாசம் கண்டால் உடலில் ஏறும். இதை இன்று இரவு வீட்டில் ஒரு தடவை செய்து பாருங்கள். தேவைப்படும் நேரத்தில் யோசிக்க நேரம் இருக்காது.

வண்டி கவிழும்போதும் இதே தவறுதான். சரிவில் வண்டி சாய்ந்ததும் வெளியே பாய்கிறார்கள். வண்டி அவர்கள் மேலேயே விழுகிறது. இப்போது வரும் வண்டிகளின் கேபின், கவிழ்ந்தாலும் நசுங்காத கூண்டாகச் செய்யப்படுகிறது. ஆனால் அந்தக் கூண்டு, பெல்ட் போட்டு உள்ளே இருப்பவனைத்தான் காப்பாற்றும். நம்மவர்கள் பெல்ட்டை சீட்டுக்குப் பின்னால் மடக்கிச் சொருகி, அதன் மேல் துண்டு விரித்து உட்காருகிறார்கள்!

இன்னொரு சிறிய விஷயம், எனக்குப் புதிதாக இருந்தது. ஹைட்ராலிக் குழாயில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார்கள். கார் டயரில் காற்றழுத்தம் சுமார் 2 பார். இந்தக் குழாயில் 200 பாருக்கு மேல். நூறு மடங்கு! ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசுக்கடி மாதிரி ஒரு புள்ளி. வலியும் முதலில் பெரிதாக இருக்காது. "ஒண்ணுமில்லே" என்று துடைத்துக்கொண்டு போனால் விரல் போகும், கை போகும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், கையை நீட்டாதீர்கள். பட்டுவிட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். "எண்ணெய் பட்டது" என்று சொல்லாமல் "அழுத்தத்தோடு எண்ணெய் உள்ளே ஏறிவிட்டது" என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அடியில் எண்ணெய் சொட்டு, டயர், பக்கெட் பின், பிரேக், விளக்கு, ஹாரன். வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் ஆள், நாய், குழந்தை. ஐந்து நிமிடம். ஒளு செய்யாமல் தொழுகைக்கு நிற்போமா? இரவு நிறுத்தும்போது பக்கெட்டைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்துக்கொண்டு போங்கள். தூக்கிய பக்கெட்டின் கீழே நிழலுக்கு உட்காரும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். வேலை நடக்கும்போது சைகை காட்ட ஒரே ஆள். நாலு பேர் நாலு பக்கம் "வா வா" என்றால் ஆபரேட்டர் யாரைப் பார்ப்பான்? ஆனால் "நிறுத்து" என்று மட்டும் யார் கத்தினாலும் நிற்க வேண்டும். சின்னப் பையன் கத்தினாலும் நிற்க வேண்டும். பொக்லைன் திரும்பும்போது முன்னால் கை சுற்றுவதை எல்லோரும் பார்க்கிறார்கள். பின்னால் அதன் கனமான முதுகும் சுற்றுகிறது. சுவருக்கும் அதற்கும் நடுவே சிக்கியவனை ஆபரேட்டர் பார்க்கவே முடியாது. அந்த இடத்தைக் கயிறு கட்டி அடையுங்கள்.

கிரேனுக்கு வருகிறேன். "பதினாலு டன் ஹைட்ரா" என்றால் பதினாலு டன்னையும் எப்படியும் தூக்கும் என்று நினைக்கிறோம். ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு நம் பெண்கள் அரை மைல் நடப்பார்கள். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்து ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள், முடியுமா? கிரேனும் அப்படித்தான். கை நீள நீள, தூக்கும் திறன் விழுந்துகொண்டே போகும். எந்தத் தூரத்தில் எவ்வளவு என்று அட்டவணை கேபினிலேயே ஒட்டியிருக்கும். புதைத்த தூணையோ, சேற்றில் சிக்கிய வண்டியையோ இழுக்கும்போது மண்ணின் பிடியும் எடையில் சேரும். அது அட்டவணையில் இருக்காது. 2020 ஆகஸ்ட் 1 அன்று விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில், சோதனை ஓட்டத்தின்போதே 70 டன் கிரேன் ஒன்று சரிந்து 11 பேர் இறந்தார்கள். பொறியாளர்கள் நிறைந்த இடத்திலேயே இந்த நிலை.

பொருளைத் தூக்கச் செய்த இயந்திரத்தில் மனிதனைத் தூக்குவது இன்னொரு கொடுமை. 2023 ஜனவரி 22 இரவு, ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி அருகே கீழ்வீதி கிராமத்துத் திருவிழாவில், மாலை போடுவதற்காக ஆட்கள் கிரேனில் தொங்கியிருந்தார்கள். கிரேன் கூட்டத்தின் மேல் சாய்ந்தது. நான்கு பேர் போய்விட்டார்கள். அவர்கள் நம் சகோதர சமுதாயத்து மக்கள். அவர்கள் துக்கம் நம் துக்கம். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் உண்டா? தலைவர் வருகிறார் என்றால் ஜே.சி.பி. பக்கெட்டில் பத்து வாலிபர்களை ஏற்றிப் பூத் தூவுகிறோம். கிரேனில் ஆப்பிள் மாலை! கீழே தலைவர், அவரைச் சுற்றி ஆயிரம் பேர், மேலே நூறு கிலோ கணக்கில் ஒரு மாலை ஒரு கொக்கியில் ஆடுகிறது. மாநாட்டுக் கொடி கட்டவும் பக்கெட்தான் ஏணி. எந்தக் கட்சி, எந்த இயக்கம் என்று நான் பிரிக்கவில்லை, எல்லோரும் செய்கிறார்கள். நம் நிகழ்ச்சிகளில் இது இனி இல்லை என்று நிர்வாகிகளிடம் கேட்டேன். இரண்டு பேர் உடனே சரி என்றார்கள். ஒருவர், "கூட்டம் களையிழந்து போயிரும்" என்றார். போகட்டும். களையிழந்த கூட்டத்திலிருந்து எல்லோரும் முழுசாக வீடு திரும்புவார்கள்.

இப்போது உரிமையாளர்களிடம் மனம் விட்டுப் பேசுகிறேன். உங்கள் கஷ்டம் தெரியும். வண்டியைக் கடனில் எடுத்தீர்கள். மாதம் பிறந்தால் தவணை. வட்டியின் கேடு பற்றி நான் உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது எப்படி உயிரைத் தின்கிறது என்று பாருங்கள். தவணை கட்ட வண்டி பகலும் ஓட வேண்டும், இரவும் ஓட வேண்டும். ஆபரேட்டருக்குச் சம்பளம் குறைவு, மணிக்கணக்கில் பேட்டா. அவனும் கண் விழித்து ஓட்டுகிறான். தூக்கம் வராமலிருக்க வாயில் எதையோ அடக்குகிறான், காதில் பாட்டு மாட்டுகிறான். காதில் பாட்டு இருந்தால் பின்னால் கத்துபவன் குரல் எப்படிக் கேட்கும்? அதிகாலை மூன்று மணிக்கு அவன் கண் சொருகுவது அவன் குற்றம் மட்டும்தானா? பேட்டாவைக் குறைத்துச் சம்பளத்தைக் கூட்டுங்கள். இரவு வேலை என்றால் வேறு ஆளைப் போடுங்கள்.

சட்டமும் உங்களை விடாது. வேலையில் தொழிலாளி இறந்தாலோ ஊனமுற்றாலோ, உங்கள் மேல் தவறு இருக்கிறதோ இல்லையோ, இழப்பீடு உங்கள் பொறுப்பு. 1923-லிருந்து உள்ள இந்தக் கொள்கை 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. வண்டிக்கு எடுத்த இன்சூரன்ஸில் ஹெல்ப்பருக்கும் காப்பு இருக்கிறதா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் தனியாக எடுங்கள். பதினெட்டு நிறையாத பையனை வண்டிப் பக்கமே விடாதீர்கள். நிறைந்தவனைக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய அனுப்புங்கள். 1994-லேயே தமிழ்நாடு அரசு அமைத்த வாரியம். நம் தெருவில் எத்தனை பேரிடம் அந்த அட்டை இருக்கிறது? நான் கேட்ட பதினோரு பேரில் இரண்டு பேரிடம்தான் இருந்தது.

வெளிநாடு போகத் துடிக்கும் வாலிபர்களே, ஒரு எச்சரிக்கை. ஹெல்ப்பராக ஆறு மாதம் இருந்துவிட்டு, ஐந்து வருட அனுபவம் என்று ஏஜெண்ட் தரும் பொய்க் காகிதத்தோடு விமானம் ஏறாதீர்கள். சிங்கப்பூரில் கிரேன் ஆபரேட்டர் மனிதவள அமைச்சகத்தில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். தூக்குவதற்கு முன் எழுத்தில் திட்டம் வேண்டும். மேற்பார்வையாளர், கட்டுபவர், சைகை காட்டுபவர் என்று பயிற்சி பெற்ற தனித்தனி ஆட்கள் வேண்டும். கிரேனை ஆண்டுக்கு ஒருமுறை அங்கீகரிக்கப்பட்டவர் சோதிக்க வேண்டும். பொய்க் காகிதம் அங்கே முதல் நாளே பல் இளிக்கும். சவூதியில் உன் கவனக்குறைவால் ஓர் உயிர் போனால் தியத் தர வேண்டும். 2011-லிருந்து தவறுதலான மரணத்துக்கு அங்கே 3 லட்சம் ரியால். முதலாளி கட்டுவாரா, இன்சூரன்ஸ் கட்டுமா, நீ சிறையில் காத்திருப்பாயா? உன் உம்மா ஊர் ஊராகப் பள்ளிவாசல் வாசலில் துண்டு விரிக்க வேண்டுமா? முறையாகக் கற்க வழி இருக்கிறது. மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் இந்த இயந்திரங்களுக்கென்றே தனிக் கவுன்சில் அமைத்து, பேக்ஹோ லோடருக்கும் எக்ஸ்கவேட்டருக்கும் பயிற்சியும் சான்றிதழும் தருகிறார்கள். நம் இளைஞர் அணியில் விண்ணப்பத்துக்கு உதவ இரண்டு தம்பிகளை நியமித்திருக்கிறோம்.

காலிழந்த அந்தப் பையனைப் பற்றிச் சொன்னேனே, அவனுக்கு ஒரு செய்தி உண்டு. அந்த உரிமையாளர் போன வாரம் என்னைத் தேடி வந்தார். செயற்கைக் கால் செலவை ஏற்றுக்கொண்டார். சட்டப்படி என்ன இழப்பீடோ அதையும் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். தன் மூன்று வண்டியிலும் ரிவர்ஸ் ஹாரனும் மாட்டிவிட்டார். "பேரைச் சொல்லிடாதீங்க ஹஜ்ரத்" என்றார், சொல்லவில்லை. அவர் இங்கே உட்கார்ந்திருந்தாலும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பஜ்ருக்குப் பிறகு, பள்ளிவாசல் பின்புறக் காலி மனையில் ஒரு ஜே.சி.பி.யையும் ஒரு ஹைட்ராவையும் நிறுத்தி, காலைச் சோதனை எப்படி, சைகை எப்படி, கம்பி பட்டால் இறங்குவது எப்படி என்று நம் சிங்கப்பூர் சகோதரர் செய்து காட்டுவார். ஆபரேட்டர்கள் ஹெல்ப்பரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எந்தச் சமுதாயத்தவரானாலும் அழைத்து வாருங்கள். வண்டிக்கு மதம் தெரியாது. வாடகை நேரம் போய்விடுமே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். ஏழரை மணிக்குள் முடித்துவிடுவோம். டீயும் ரொட்டியும் உண்டு.